நெஞ்சுக்குப் பக்கத்துக் கை

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். ஏழாம் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை. எட்டாம் வகுப்பில் ஓடுகிறது, காற்றுதான் வரவில்லை. தலைமையாசிரியை இரண்டுக்கும் சேர்த்து "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் குருசாமி சார் போன் செய்தார். எங்கள் சாரணர் மாவட்டத்தின் செயலர் அவர். நான் அமைப்பு ஆணையர். பேர்தான் பெரிசு. வேலை என்னவென்றால், பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, "உங்கள் பிள்ளைகளைச் சாரணர் இயக்கத்தில் சேருங்கள்" என்று கெஞ்சுவது. சம்பளம் என் சயின்ஸ் டீச்சர் வேலைக்கு மட்டும்.

மாநில அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். உறுப்பினர் எண்ணிக்கை கூடவில்லை என்றால், பிப்ரவரியில் வரும் சாரணர் சிந்தனை நாளோடு எங்கள் மாவட்டத்தைக் கலைத்துப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். "நீங்க மனசு வச்சா முடியும் செண்பகவல்லி மேடம்" என்றார் சார். காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் அவருக்கு என் முழுப் பெயர் ஞாபகம் வரும்.

இந்த மாவட்டத்தில் சாரணியர் படை என்று ஒன்றை முதலில் ஆரம்பித்தது நான். எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில், அரைப்பாவாடை போட்ட எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. எங்களுக்குக் குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடியேற்றி, விசில் ஊதி, முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பதை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சமையலும் விடைத்தாளும்தான். மூட விடமாட்டேன்.

ஜூன் 21

இந்த வாரம் ஏறி இறங்கிய பள்ளிகளில் கிடைத்த பதில்கள். "சாரணர்னா, இந்த என்.சி.சி. மாதிரிங்களா?" "மேடம், எங்க பிள்ளைங்க நீட்டுக்குப் படிக்குது." "யூனிஃபார்ம் நீங்களே குடுத்துருவீங்களா?" ஒரு தலைமையாசிரியர் நல்ல காபி கொடுத்தார். அவர் பள்ளியில் அடுத்த வருஷம் மாணவர்களே இருக்கமாட்டார்களாம்.

வீட்டில் இவர் பாகற்காய் வேண்டாம் என்று தட்டை நகர்த்திவிட்டார். போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்திய கை. ரிட்டையர் ஆனபின் தட்டை நகர்த்துவதற்கு மட்டும் பயன்படுகிறது.

ஜூலை 5, வெள்ளி

ஆறாம் வகுப்பிலிருந்து புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. இன்று அவர்களுக்குக் கை குலுக்கச் சொல்லிக்கொடுத்தேன். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவோம். சொன்னதும் வழக்கமான சிரிப்பு. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், அது பீச்சாங்கை டீச்சர்" என்றாள்.

வருஷா வருஷம் இதே சிரிப்பு, இதே வார்த்தை. நானும் வருஷா வருஷம் சொல்வதையே சொன்னேன். அந்தக் காலத்துப் போர்வீரன் இடது கையில்தான் கேடயம் பிடிப்பான். கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை நீட்டினால், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். அதோடு அது நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிற கை. பிள்ளைகள் கொட்டாவி விட்டன.

அப்போது எட்டாம் வகுப்பு முனீஸ்வரி குறுக்கே வந்தாள். என் படையின் அணித்தலைவி. "இங்க பாருங்கடி. சோறு திங்கிற கைய எல்லாத்துக்கும் குடுப்போம். இந்தக் கைய நம்ம ஆளுக்கு மட்டும்தான் குடுப்போம். வேணும்னா வாங்கிக்க, வேணாட்டிப் போ." உடனே அத்தனை வாண்டுகளும் இடது கையை நீட்டிக்கொண்டு அவளை மொய்த்துவிட்டன. இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு இந்த மாதிரிச் சொல்லத் தோன்றவில்லை.

அவள் பிறவியிலேயே இடதுகைக்காரி. கோயிலில் இடது கையை நீட்டித் திருநீறு கேட்டு வசவு வாங்கியவள். ஒன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் அந்தக் கையை ரிப்பனால் பெஞ்சோடு கட்டிப்போட்டிருக்கிறாள். ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்து சேர்ந்த அன்று கை குலுக்கலைச் சொல்லிக்கொடுத்ததும், "நெசமாவா டீச்சர்? இந்தக் கைதானா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் எல்லோருக்கும் கொடுத்தாள். வாட்ச்மேனையும் விடவில்லை.

ஜூலை 26

முனீஸ் இன்று கரும்பலகையில் இதயத்தின் படம் வரைந்தாள். என் படத்தைவிட நன்றாக இருந்தது. அழிக்காமல் அடுத்த வகுப்புக்கும் அதை வைத்தே நடத்தினேன்.

ஆகஸ்ட் 9

பொன்னொளி மெட்ரிக் பள்ளியின் தாளாளர் வேங்கடபதி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குருசாமி சாரும் நானும் போனோம். ஏ.சி. அறை, தோல் நாற்காலி. சுவர் முழுக்க அவரும் யாரோ ஒருவரும் நிற்கிற புகைப்படங்கள். அவர் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறார்.

அவர் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சாரணர் இயக்கத்தில் சேர்த்துவிடுவாராம். முந்நூறுக்கும் மேல். விளையாட்டு மைதானம் தருவார், பஸ் தருவார். பதிலுக்கு அவரை மாவட்டத் தலைவர் ஆக்க வேண்டும். "பிராஸ்பெக்டஸ்ல யூனிஃபார்மோட போட்டோ போட்டா பேரன்ட்ஸ் அசந்துருவாங்க மேடம்" என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான்.

பஸ் ஸ்டாண்டு வரை குருசாமி சார் தரையில் கால் பாவாமல் நடந்தார். "மாவட்டம் பிழைச்சுது மேடம்." நானும் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 30

பொன்னொளியில் பயிற்சி. முழு நாள் என்று பேசி, அரை நாளில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் அங்கே அபாகஸ் வகுப்பாம். பிள்ளைகளுக்கு மூன்று விரல் வணக்கத்தோடு நேரம் முடிந்துவிட்டது. கை குலுக்கலுக்குப் போகவே இல்லை.

தாளாளருக்கும் வணக்கம், கை குலுக்கல் எல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று அவர் அறைக்குப் போனேன். "அதெல்லாம் என்ன மேடம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மணியை அடித்து எனக்கு ஜூஸ் வரவழைத்தார். மாதுளை ஜூஸ். குடித்துவிட்டு வந்தேன். அடுத்த முறை கட்டாயம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 20

என் படையைப் பார்க்க எனக்கே நேரமில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தை முனீஸே நடத்துகிறாள். பொன்னொளிக்குப் போகிற வழியில் பள்ளி கேட் வழியாக எட்டிப் பார்த்தேன். வட்டமாக நிறுத்தி முடிச்சுப் போடவைத்துக்கொண்டிருந்தாள். அவள் போடுகிற முடிச்சு எல்லாம் இடவலம் மாறி விழும். ஆனால் அவிழாது.

அக்டோபர் 18

நவம்பர் 7 சாரணர் கொடி நாள் அன்று மாவட்டப் பேரணி. பொன்னொளி மைதானத்தில். அன்றுதான் வேங்கடபதி தலைவராகப் பதவி ஏற்கிறார். மேடையில் ஒரு சாரணி அவருக்குக் கழுத்துக்குட்டை அணிவித்து, வணக்கம் வைத்து, கை குலுக்கி இயக்கத்துக்குள் வரவேற்க வேண்டும். முறைப்படி அதைச் செய்யத் தகுதி உள்ளவள் மாவட்டத்திலேயே முனீஸ்தான். பொன்னொளிப் பிள்ளை ஒன்றைப் போடலாம் என்றார் குருசாமி சார். அவர்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்றேன். நான் பிடித்த பிடியில் நின்றேன்.

சாயங்காலம் அவள் அம்மா பொன்னுத்தாயி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்து ஒட்டி இருந்தது. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"இந்தப் புள்ள மேடையில இந்தக் கைய நீட்டப் போறேங்குது. வேணாம் டீச்சர். பெரிய மனுசங்க. நாம ஒண்ணு நினைச்சுச் செய்வோம், அவங்க ஒண்ணு நினைச்சுக்குவாங்க."

"இது உலகம் பூராவும் உள்ள வழக்கம் பொன்னுத்தாயி. ராஜாவே வந்தாலும் இந்தக் கையைத்தான் குடுக்கணும்."

"நாங்க கேட்டுக்கு அங்கிட்டு உள்ள ஆளுக டீச்சர்."

ஊரில் ரயில்வே கேட் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கு அங்கிட்டு என்றால் எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. சாரணர் இயக்கத்தில் அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் கிடையாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"பயப்படாதே. நான் இருக்கேன்ல" என்றேன்.

"சரி டீச்சர், நீங்க இருக்கீங்கள்ல" என்று போனாள்.

அக்டோபர் 31, தீபாவளி

அதிரசம் பிய்ந்துபோனது. இவர் பிய்ந்ததையே விரும்பிச் சாப்பிட்டார். குருசாமி சார் வாழ்த்துச் சொல்லப் போன் செய்தவர், "தலைவருக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தாச்சுல்ல மேடம்?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். அடுத்த வாரம் எப்படியும் சொல்லத்தானே போகிறேன்.

நவம்பர் 6

மழை. மைதானத்தில் தண்ணீர். பொன்னொளிக்குப் போனால் தாளாளர் மதுரை போயிருக்கிறாராம். நாளைக் காலையில் மேடை ஏறுவதற்கு முன்னால் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும்.

முனீஸ் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் கழுத்தில் குட்டையைக் கட்டிக் கட்டிப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் நான் குலுக்கினேன். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.

"நடுங்குதா?" என்றேன்.

"இல்ல டீச்சர், சந்தோசம்" என்றாள்.

நவம்பர் 7, வியாழன்

பேரணி முடிந்தது. நல்ல கூட்டம். தலைவலி.

நவம்பர் 8

பேப்பரில் படம் வந்திருக்கிறது. வேங்கடபதி குத்துவிளக்கு ஏற்றுகிறார். ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது. இவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "உன் முழங்கைதானே" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இல்லை. மழை.

நவம்பர் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இந்தத் தலைவலி போகாது போலிருக்கிறது.

வியாழக்கிழமை தாளாளர் தாமதமாக வந்தார். நேராகக் கல்வி அதிகாரியின் கார் பக்கம் போய்விட்டார். அங்கிருந்து மேடைக்கு. நான் அவர் பக்கத்தில் போவதற்குள் மாலை, பொன்னாடை, போட்டோ. நெருங்கவே முடியவில்லை. இதற்கு யார் என்ன செய்ய முடியும்.

முனீஸ் நன்றாகத்தான் செய்தாள். குட்டையை ஒரே தடவையில் கட்டினாள். ஓரடி பின்னால் வந்து வணக்கம் வைத்தாள். அப்புறம் இடது கையை நீட்டினாள். நேராக, விறைப்பாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். போட்டோவுக்காக வைத்த சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது.

"என்ன கைய நீட்டுற?"

மைதானம் முழுக்கக் கேட்டது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பொன்னொளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு எங்கே தெரியும்.

"எந்த ஸ்கூலு?" என்றார். சொன்னாள். "எந்தத் தெரு?"

"கேட்டுக்கு அங்கிட்டு சார்."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்வி அதிகாரி, பத்திரிகைக்காரர்கள், குருசாமி சார். அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதரிடம், அதுவும் அவர் மைதானத்தில் நின்றுகொண்டு, "ஐயா, உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்று எப்படிச் சொல்வது. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது. என் இடத்தில் யார் இருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பார்கள்.

"சோத்தாங்கையக் குடும்மா" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் அதையும் எடுத்துக்கொண்டது.

அவள் இடது கையை இறக்கிப் பாவாடையில் துடைத்தாள். எதற்குத் துடைத்தாள் என்று தெரியவில்லை. வலது கையை நீட்டினாள். அதற்குள் அவர் விளக்கேற்றப் போய்விட்டார். மற்றபடி நிகழ்ச்சி தடங்கல் இல்லாமல் நடந்தது.

நவம்பர் 11

வேங்கடபதி விடுகிறதாக இல்லை. அந்தப் பிள்ளை வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டது என்கிறார். பின்னால் யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்களாம். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் முந்நூறு பிள்ளைகளையும் விலக்கிக்கொள்வாராம்.

"ஒரு சாரிதானே மேடம். சின்னப் புள்ள. சொல்லிட்டுப் போகட்டும்" என்றார் குருசாமி சார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க அவருக்கு முன்னாடியே சொல்லிட்டதாத்தானே சொன்னீங்க?" என்றார்.

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

போய் வந்தாயிற்று.

பொன்னுத்தாயி ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். முனீஸ் பள்ளி யூனிஃபார்மில். சாரணர் உடுப்பு போட்டு வரவேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன், அந்த உடுப்பில் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தோல் நாற்காலியில் குருசாமி சாரும் நானும் உட்கார்ந்தோம். அவர்கள் இரண்டு பேரும் கதவுப் பக்கம் நின்றார்கள். ஏ.சி. குளிரில் பொன்னுத்தாயி முந்தானையைப் போர்த்திக்கொண்டாள்.

வேங்கடபதி என்னைத்தான் கேட்டார். "நீங்களே சொல்லுங்க மேடம். இது என்ன பழக்கம்?"

இதுதான் வழக்கம் என்று சொன்னால், முந்நூறு பேர் முன்னால் அவர் முட்டாள் ஆகிவிட்டார் என்று ஆகும். ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். குருசாமி சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவட்டம் முழுக்க என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேணும்னு செய்யல சார்" என்றேன். "பிறவியிலேயே இடதுகைப் பிள்ளை. எவ்வளவு சொல்லியும் மாறல. பழக்கதோஷம்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முனீஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அவரைப் பார்த்து, "மன்னிச்சிருங்க சார்" என்றாள். "இனிமே நீட்டமாட்டா ஐயா" என்றாள் பொன்னுத்தாயி.

வேங்கடபதிக்கு மனம் இளகிவிட்டது. "சரி சரி, போகட்டும். இப்பவே மாத்திப் பழக்குங்கம்மா, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வருமில்ல" என்றார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு சாக்லேட் எடுத்து நீட்டினார். முனீஸ் வலது கையால் வாங்கிக்கொண்டாள்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் இடதுகைக்காரிதான்.

வெளியே வந்ததும் பொன்னுத்தாயி என்னிடம், "நீங்க இருந்தீங்கள்ல டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்கிறாளா சொல்கிறாளா என்றும் புரியவில்லை. உங்களுக்கு மூன்றரைக்கு ஒரு டவுன் பஸ் இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ஆளுக்கு நீ முன்னாடியே சொல்லலையா?" என்று ஒன்று மட்டும் கேட்டார். கொடியில் துணி கிடந்தது. எடுக்கப் போய்விட்டேன். இன்னும் காயவில்லை. ஈரத்தோடு கொண்டுவந்து மடித்து வைத்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

முனீஸ் கூட்டத்துக்கு வரவில்லை.

நவம்பர் 22

கேட்டுக்கு அங்கிட்டிலிருந்து வருகிற ஒரு பிள்ளையும் வரவில்லை. என் படையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஆறாம் வகுப்பு வாண்டுகள் நாலு வந்தன. முனீஸ் அக்கா எங்கே என்று கேட்டன. கொடிக்கயிறு இறுகிப்போய் முடிச்சு அவிழவில்லை. அவள்தான் கட்டியிருக்க வேண்டும். கொடியேற்றாமலே அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 6

பொன்னொளியைப் பார்த்து இன்னும் இரண்டு தனியார் பள்ளிகள் வந்து சேர்ந்துவிட்டன. குருசாமி சார் போனில் பாட்டே பாடினார். இத்தனை வருஷம் நான் செருப்புத் தேய நடந்து வராத கூட்டம், இப்போது கதவைத் தட்டிக்கொண்டு வருகிறது. சந்தோஷப்பட வேண்டும். உட்கார்ந்து முயற்சி செய்து பார்த்தேன்.

டிசம்பர் 14

முனீஸ் வீடுவரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரொம்ப நேரம் நின்றேன். கூட்ஸ் வண்டி, போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நான் திரும்பி வருவதை இவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். "கேட்டு தொறக்கலையா?" என்றார். இல்லை என்றேன். தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்ற நேரத்தில் கேட் திறந்து மூடித் திறந்தது, அது இவருக்கு எதற்கு.

ஜனவரி 10

வேப்பமரத்தடியில் நான் மட்டும். விசிலை எடுத்து ஊதாமல் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். என் பள்ளியில் படை இல்லை என்று எழுத இன்று வரை மனம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஜனவரி 24

மாநிலத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் பொன்னொளிக்கு வந்தார். வந்த உடனே வேங்கடபதியிடம் இடது கையை நீட்டினார். வேங்கடபதி விழித்தார். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே கேடயக் கதையைச் சொன்னார்.

"அடடே, இது நமக்குத் தெரியாமப் போச்சே" என்று வேங்கடபதியும் சிரித்தார். கையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

இப்போது ஞாபகம் வரும், இப்போது திரும்பி என்னைப் பார்ப்பார், அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். அவருக்கு ஞாபகமே இல்லை. மாதுளை ஜூஸ் வந்தது.

பிப்ரவரி 17

சிந்தனை நாளுக்குத் தலைவர் உரை எழுதித்தரச் சொல்லி குருசாமி சார் நச்சரிக்கிறார். "அந்தக் கை குலுக்கல் பத்தி ரெண்டு வரி போடுங்க மேடம். தலைவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு." எழுதினேன். வரி நன்றாக வரவில்லை. ஒரு வரி மட்டும் தானாக வந்தது.

பிப்ரவரி 22, சனி

சிந்தனை நாள். மாவட்டம் தப்பித்தது. தப்பித்தது மட்டும் இல்லை, இந்த மண்டலத்திலேயே அதிக வளர்ச்சி கண்ட மாவட்டம் என்று கேடயம் கொடுத்தார்கள். பித்தளை. கனமாக இருந்தது.

எங்கு பார்த்தாலும் உடுப்பு. மைதானம் கொள்ளவில்லை. வேங்கடபதி உரையைப் பார்க்காமலே பேசினார். "சோறு திங்கிற கைய எல்லாருக்கும் குடுப்போம். இந்தக் கைய நம்ம ஆளுக்கு மட்டும்தான் குடுப்போம்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். அந்த வரிதான் நன்றாக எடுபட்டது. கைதட்டல் அடங்க நேரமானது. அத்தனை பிள்ளைகளும் பக்கத்தில் உள்ளவருக்கு இடது கையைக் கொடுத்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை.

மாநில ஆணையர் என்னிடம் கையை நீட்டினார். நான் கும்பிட்டேன். கேடயம் வைத்திருந்ததால் கை சரியாகச் சேரவில்லை.

கேடயத்தை இவரிடம் காட்டினேன். எங்கே வைக்கப் போகிறாய் என்றார். இன்னும் தெரியவில்லை. இப்போதைக்கு அரிசி டிரம் மேல் இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

எட்டாம் வகுப்புக்குத் தேர்வு வைத்தேன். கடைசி மணி அடித்ததும் ஒவ்வொருத்தியாக விடைத்தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். முனீஸ் மட்டும் கடைசி பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தாள். எப்போதும் முதலில் முடிப்பவள். நவம்பரிலிருந்து வகுப்பில் என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொல்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது மாதிரி கோணிக்கொண்டு, கோட்டை விட்டு ஏறி இறங்கி இருந்தது. இதயம் வரையச் சொல்லியிருந்தேன். வரைந்திருந்தாள். என்ன என்று எனக்குத் தெரிந்ததால் தெரிந்தது. இடது கை மடியில் கிடந்தது.

"மாத்தி எழுதுறியா முனீஸ்?"

"ஆமா டீச்சர். பழகிட்டு இருக்கேன்."

"யார் சொன்னா?"

எழுதிய கை வலித்திருக்கும்போல, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டாள்.

வகுப்பில் வேறு யாரும் இல்லை. மைக் இல்லை, மேடை இல்லை. என் இடது கையை நீட்டினேன். நேராக, விறைப்பாக.

முனீஸ் அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து நின்று, விடைத்தாளை ஒழுங்காக மடித்து, வலது கையால் எடுத்து என் கையில் வைத்தாள்.

"முடிச்சுட்டேன் டீச்சர்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் விடைத்தாளை வாங்கிக்கொண்டேன்.